பெயர் மாற்றம்

மாதம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு தேதி வரை
மாகடி ரோட்டுக்குப் பின்னால் ஏழு சந்துகள் என்னுடையவை.
கையில் பில் மெஷின், கழுத்தில் அட்டை.
இங்குள்ள நாய்களுக்கு என்னைத் தெரியும்.
புதிய நாய்களுக்குத் தெரியாது,
அவை கயிற்றோடு வருகின்றன.

மில்லின் சங்கு ஓய்ந்த பிறகுதான்
நான் வேலையில் சேர்ந்தேன்.
அதனால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
எனக்குத் தெரிந்தது யூனிட் கணக்கு.
நான்காவது லைனில் பதினெட்டு வீடு,
பதினெட்டு மீட்டரும் ஒரே சுவரில்.
ஒரு வீட்டில் கிரைண்டர் ஓடினால்
பக்கத்து வீட்டு ட்யூப்லைட் கண் சிமிட்டும்.
யார் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள்,
யாருக்கு நைட் ஷிப்ட் செக்யூரிட்டி வேலை கிடைத்தது
எல்லாம் எண்களில் இருக்கும்.

ஆள் இல்லாத வீட்டுக்கு மெஷினில் ஒரு குறி உண்டு:
டோர் லாக்.
முதல் வருஷம் இரண்டு டோர் லாக்.
அடுத்த வருஷம் ஒன்பது.
அப்புறம் டோரே இல்லை.
அதற்கு மெஷினில் குறி கிடையாது.
வெட்டவெளியில் நின்று கொஞ்சம் யோசித்து
டோர் லாக் என்றே போட்டேன்.

இப்போது அங்கே இருபத்தெட்டு மாடி.
மீட்டர்கள் பேஸ்மென்டில், குளிர்ந்த அறையில்,
தங்களைத் தாங்களே படித்து அனுப்பிவிடுகின்றன.
ஏதாவது பழுதென்றால்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.
ரெஜிஸ்டரில் 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில்
மீட்டரை என்று எழுதினேன்.
நோட்டை நீட்டியவர்
மூன்றாம் நம்பர் வீட்டு எத்திராஜ்.
சிரிக்கவில்லை.
தலைக்கு மேல் கேமரா இருந்தது.

மூலை வீடு மட்டும் தப்பித்தது.
ஓடு அப்படியே. சுவரில் காரையைப் பெயர்த்துச்
செங்கல்லை வெளியே காட்டியிருக்கிறார்கள்,
அந்தச் செங்கல்லை மறைக்கத்தான்
தனபாக்கியம் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தாள்.
கடையின் பெயர் பாபின்.
உத்தரத்திலிருந்து நாற்பது பாபின் தொங்குகிறது,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு மஞ்சள் பல்பு.
வைண்டிங்கில் இருபத்தாறு வருஷம் நின்றவள்,
இந்த வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவள்,
ஏற்றியது ஒரே ஒரு விளக்கு.
அதையும் ஒன்பதுக்கு அணைத்துவிடுவாள்.
பதினோரு யூனிட் வரும், சில மாதம் பன்னிரண்டு.
"ஏம்ப்பா, ஜாஸ்தியா ஓடுதே உன் மீட்டரு?"

இந்த மாதம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது யூனிட்.
சீட்டைக் கிழித்தேன். மேலே அச்சாகி வந்தது:
தனபாக்கியம், க/பெ பொன்னுரங்கம்.

வீட்டை எழுதிக் கொடுத்தது பொன்னுரங்கத்தின் அண்ணன் மகன்.
ஆனேக்கல் பக்கம் ஒரு சைட், ஒரு ஸ்கூட்டர்.
அவனைக் குறை சொல்லமாட்டேன், கூரை ஒழுகியது.
நிலத்துக்கு எல்லாக் காகிதமும் பார்த்தார்கள்,
மீட்டரை யாரும் பார்க்கவில்லை.
பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையே என்று
என்னிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்,
ரீடிங் எடுக்க வந்தவனிடம்.
பிள்ளை இல்லை.
பில் இருக்கிறது.

கடைக்காரப் பெண் மயூரா, கோயம்புத்தூர்.
"எங்க தாத்தாவும் மில்லுதாண்ணா" என்றாள்.
எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டேன்.
"ஓனர்."
பிறகு சீட்டைப் பார்த்து,
"இந்தப் பேரை மாத்தணுமே, யாரு இவங்க?"
இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றேன்.
"எப்ப இறந்தாங்க?"
எனக்கும் தெரியவில்லை.
ஏதோ ஒரு டோர் லாக் மாதம்.

ஒரு காபி கொடுத்தாள், நுரையில் இலை வரைந்து.
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
பலகையில் விலை பார்த்தேன்,
தனபாக்கியத்தின் நான்கு மாத பில்.
பெயர் மாற்றும் ஃபாரம் என் பைக்குள்ளேயே இருந்தது.
மறந்துவிட்டேன், அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்றேன்,
மூன்றாவது மாதமாக.